பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வு: கேஜ் கிளாஸ் கேள்வியில் தடுமாறாமல் இருக்க

மீன்தூள் ஆலை, அரிசி ஆலை என்று பாய்லர் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே இரண்டாம் நிலைத் தேர்வுக்குப் படிக்கும் நம்மூர்த் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். எழுதிப் பழகியவர்களுக்குக்கூட வாய்மொழித் தேர்வு என்றால் உதறல்தான். எங்கே தொடங்கினாலும் பேச்சு கேஜ் கிளாஸில், அதாவது பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில், வந்து நின்றுவிடும்.

"கேஜ் கிளாஸை எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று என் தேர்வில் கேட்டார்கள். கைடு புத்தகத்தில் இருக்கும் வரிசையை யாரும் ஒப்பித்துவிடலாம். அடுத்து வந்தது "அதில் என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்ற கேள்வி. மனப்பாடம் செய்தவர்கள் மாட்டுவது அங்கேதான். எனக்குக் கைகொடுத்தது என் பெரியப்பா சொன்ன பாடம். மீட்டர்கேஜ் காலத்தில் ராமேஸ்வரம் பாதையில் நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் அவர். "கண்ணாடியில தெரியுறதை நம்பாதடா, திறந்து பாத்துட்டு நம்பு" என்பார்.

கண்ணாடிக்கு மூன்று காக், அதாவது திருகு வால்வு: ஆவி வரும் மேல் காக், தண்ணீர் வரும் கீழ் காக், வெளியே வடிக்கும் டிரெயின் காக். முதலில் டிரெயின் காக் திறக்க வேண்டும். கீழ் காக் மூடினால் மேலிருந்து ஆவி மட்டும் சீறும். மேல் வழி சுத்தம். பிறகு கீழ் காக் திறந்து மேல் காக் மூடினால் தண்ணீர் வரும். கீழ் வழி சுத்தம். அழுத்தத்தில் இருந்து வெளியே வரும் தண்ணீரில் ஒரு பகுதி உடனே ஆவியாவதால் இரண்டும் முதலில் ஒன்றுபோலத்தான் தெரியும். தண்ணீர் கனமாக, ஈரமாகக் கொட்டும். சத்தத்திலும் வேறுபாடு உண்டு. கடைசியாக மேல் காக் திறந்து டிரெயின் மூடினால் தண்ணீர் சட்டென்று மேலே எழும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து ஏறினால் எங்கோ அடைப்பு இருக்கிறது. ஓடும் பாய்லரில் மட்டம் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். ஆடாமல் நிற்கிறதென்றால் சந்தேகப்படுங்கள். மேல் வழி அடைத்தால் கண்ணாடியில் சிக்கிய ஆவி குளிர்ந்து நீராகி, மட்டம் உள்ளதைவிட உயர்ந்து காட்டும். பாய்லரில் தண்ணீர் குறைந்திருக்க, நாம் நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

நம் கடற்கரைப் பக்கம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. சரியாகச் சுத்திகரிக்காமல் ஏற்றினால் கீழ் வழியில் படிவு சேரும், பாய்லருக்குள் நுரை கட்டும். நுரை கட்டினால் மட்டம் துள்ளும், ஆவியோடு தண்ணீரும் போகும். இதைச் சொன்னபோது தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார், சொந்த ஊர் உதாரணத்துக்கு மதிப்பு உண்டு.

முழுக்க நிரம்பிய கண்ணாடியும் முழுக்க வெறுமையான கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான். அதற்காகத்தான் சிலவற்றின் பின்னால் சாய்வான கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். தண்ணீர் உள்ள பகுதியில் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். ரயில் எஞ்சினில் கண்ணாடியின் அடிப்பகுதியே ஃபயர்பாக்ஸின் (தீ எரியும் பெட்டியின்) மேல்தகட்டைவிட உயரத்தில்தான் இருக்கும். தகட்டின் மேல் தண்ணீர் இல்லாமல் போனால் அது சூடேறி வலுவிழக்கும், பிறகு வெடிப்புதான். அதற்கு முன் அதிலுள்ள ஈய பிளக் உருகி ஆவி தீயின் மேல் பாயும். பெரியப்பாவுக்குக் கேஜ் கிளாஸை அடுத்து அந்த பிளக்கின் மேல்தான் பயம். இறக்கத்தில் இறங்கும்போது தண்ணீர் முன்பக்கம் ஓடி, பின்பக்கத் தகடு வெறுமையாகும் என்பதும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

"தண்ணீரே தெரியவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பம்ப் போடுவேன் என்று சொல்லிவிடாதீர்கள். தீயை நிறுத்துவேன், தண்ணீர் ஏற்ற மாட்டேன், மேலாளரிடம் சொல்வேன், ஆற விட்டுப் பரிசோதிப்பேன். காய்ந்த தகட்டில் பச்சைத்தண்ணீர் பட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை.

அப்புறம், 1923 சட்டத்தை மாற்றி 2025-இல் புதிய பாய்லர் சட்டம் வந்துவிட்டது. பழைய கைடுகளில் அது இருக்காது. செய்முறையின்போது கண்ணாடிக்கு நேரே முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நின்று காக் திருகுங்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.