ஸ்பேட்மின் காலத்து அச்சு வேலை

யூனிக்ஸ் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் எந்த வேலை கடினம் என்று கேட்டால் மெயில் சர்வர், பேக்கப், நெட்வொர்க் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், அலுவலக மென்பொருளுக்குப் பிரிண்டரும் ஃபாண்டும் அமைத்துத் தருவதைத்தான் சொல்வேன். மெயில் நின்றால் எல்லோருக்கும் நின்றுவிடும். காரணமும் பெரும்பாலும் லாக் கோப்பில் கிடக்கும். அச்சில் பிரிண்டர் ஓடும், தாள் வரும், பிழைச் செய்தி எதுவும் இருக்காது. கடிதத்தின் கடைசி இரண்டு வரியும் கையெழுத்துப் போடும் இடமும் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும்.

இந்த வேலை எனக்குப் பழகியது மதுரையில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில். ஓப்பன் ஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் 1.0 வெளிவந்திருந்த சமயம், அதாவது 2002. ஸ்டார் டிவிஷன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஸ்டார் ஆஃபீஸை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, மறு ஆண்டே அதன் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓப்பன் ஆஃபீஸ். உரிமக் கட்டணம் இல்லை என்பதால் எங்கள் அலுவலகமும் அதற்கும், யூனிக்ஸ் வகை இயங்குதளமான லினக்ஸுக்கும் வந்தது. மெனு மாறியிருக்கிறதே என்று இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. அச்சுத் தொல்லை மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

அந்தக் காலத்து ஓப்பன் ஆஃபீஸில் பிரிண்டருக்கென்று தனியாக ஒரு நிரல் உண்டு. ஸ்பேட்மின் என்று பெயர். திறந்தால் 'ஜெனரிக் பிரிண்டர்' என்று ஒன்று தயாராக இருக்கும். நம் பிரிண்டரைச் சேர்க்க வேண்டுமானால் அதன் பிபிடி கோப்பைக் காட்ட வேண்டும். எந்தத் தட்டில் எந்தத் தாள், இருபுறம் அடிக்குமா, வண்ணம் உண்டா, உள்ளே என்னென்ன ஃபாண்ட் இருக்கிறது என்பதெல்லாம் எழுதிய சாதாரண உரைக் கோப்புதான் அது. கூடவே எந்தக் கட்டளை வழியாக அச்சுக்கு அனுப்புவது என்றும் சொல்ல வேண்டும், பெரும்பாலும் எல்பிஆர். அந்தப் பக்கம் அச்சு வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் எல்பிடியோ கப்ஸோ அதை வாங்கிக்கொள்ளும். பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டருக்குத் தெரியாது என்றால் நடுவில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் உட்கார்ந்து அதற்குப் புரிகிற வடிவத்தில் மாற்றிக் கொடுக்கும்.

ஃபாண்ட் சேர்க்கும் பொத்தானும் இதே ஸ்பேட்மினில்தான் இருந்தது. பிரிண்டருக்கான நிரலில் ஃபாண்டுக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரே எழுத்துக்கு அன்றைக்கு மூன்று கணக்குப் புத்தகங்கள் இருந்தன. திரையில் எழுத்தை வரைவது எக்ஸ் விண்டோ. அதற்கு ஃபாண்ட் அடைவில் (ஃபோல்டரில்) ஒரு பட்டியல் கோப்பு வேண்டும், எம்கேஃபாண்ட்டிர் என்ற கட்டளையை ஓட்டி அதை உருவாக்க வேண்டும். ஓப்பன் ஆஃபீஸ் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். பிரிண்டருக்குள்ளும் சில எழுத்துகள் பிறவியிலேயே உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் லேசர் என்றால் டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர் எல்லாம் சேர்த்து வழக்கமாக 35. மூன்றும் ஒத்துப்போனால்தான் திரையில் பார்த்தது தாளிலும் வரும். வரி எங்கே மடங்கும் என்பதை முடிவு செய்வது எழுத்தின் அகலம். அது ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் பக்கம் குலைந்துபோகும்.

ஸ்பேட்மினில் ஃபாண்ட் மாற்று அட்டவணை என்று ஒன்றும் இருந்தது. ஆவணத்தில் ஏரியல் என்று இருந்தால் பிரிண்டருக்கு ஹெல்வெட்டிகா என்று சொல்லி அனுப்பு, டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதில் டைம்ஸ் என்று அனுப்பு, இப்படி. நினைவகம் குறைந்த பழைய லேசருக்கு இது பெரிய உதவி. எழுத்து வடிவங்களைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை, பெயரைச் சொன்னால் போதும். ஏரியலின் எழுத்தகலம் ஹெல்வெட்டிகாவோடு பொருந்தும்படியே செய்யப்பட்டிருந்ததால் வரியும் கலையாது.

தமிழுக்கு அந்த வசதி கிடையாது. எந்தப் பிரிண்டருக்குள்ளும் தமிழ் எழுத்து இருக்கவில்லை. அப்போது எங்கள் கடிதமெல்லாம் பாமினியில். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஃபாண்ட் அது. கணினியைப் பொறுத்தவரை நாம் அடிப்பது ஆங்கிலம்தான். ஃபாண்ட் கூடவே இருக்கிற வரைக்கும் தமிழாகத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்தில் தட்டச்சுப் பார்த்த அக்கா ஒருவர் இருந்தார். தட்டச்சு இயந்திரத்திலிருந்து கணினிக்கு வந்தவர், பாமினியில் அவர் வேகத்துக்கு யாரும் கிடையாது. பிரிண்டர் கணக்குப் பிரிவு மேசையில் இருந்தது. அவர் கோப்பைப் பொது அடைவில் போடுவார். கணக்குப் பிரிவில் அதைத் திறந்து அச்சடிப்பார்கள். ஒருநாள் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். "தம்பி, என் ஸ்கிரீன்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு? பேப்பர்ல ஏன் இப்படி வருது?" தமிழ் என்று வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பக்கம் முழுக்க அப்படித்தான்.

தாளைப் பார்த்ததுமே காரணம் பிடிபட்டது. அந்த ஐந்தும் பாமினியில் தமிழ் என்று அடிக்க அவர் தட்டும் விசைகள். அப்படியென்றால் தகவல் பத்திரமாக வந்திருக்கிறது, உடை மட்டும் வரவில்லை. இயந்திரங்களை நிறுவிக் கொடுத்தவர் அக்காவின் பயனர் கணக்கில் நுழைந்து ஸ்பேட்மினைத் திறந்து பாமினியைச் சேர்த்திருந்தார். சாதாரணப் பயனராகச் சேர்த்தால் ஃபாண்ட் அவருடைய சொந்த அடைவுக்கு மட்டும் போகும்; முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக நுழைந்து சேர்த்தால்தான் அந்த இயந்திரத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். கணக்குப் பிரிவு இயந்திரத்திலோ பாமினியே இல்லை. ஒவ்வோர் இயந்திரத்திலும் ரூட்டாக நுழைந்து ஒரே ஃபாண்ட் கோப்பை ஒரே இடத்தில் போட்டு வைத்தேன். "ஒரே கோப்பு" என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பாமினி என்ற பெயரிலேயே வேறு வேறு ஆட்கள் தொட்டுத் திருத்திய கோப்புகள் அன்றைக்கு ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்தன.

அக்கா அத்தோடு விடவில்லை. "நாளைக்கு வேற ஊருக்கு இந்த ஃபைலை அனுப்பினா அங்கயும் இப்படித்தானே வரும்?" என்றார். எட்டு மாதம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவர்கள் கேட்காத கேள்வி அது. 2003இல் ஓப்பன் ஆஃபீஸ் 1.1 வந்தபோது பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் வசதியும் வந்தது. எழுத்து வடிவங்கள் கோப்புக்குள்ளேயே பொதிந்து போகும். வெளியூருக்குப் போகும் கடிதமெல்லாம் அன்றிலிருந்து பிடிஎஃப்தான். எங்கள் அலுவலகத்தில் அதை முதலில் வழக்கமாக்கியவர் அவர்.

அதே 1.1இல் இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. யூனிகோடு என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் முறை; பாமினி போல ஆங்கில இடத்தைக் கடன் வாங்குவதில்லை. அந்த யூனிகோடு தமிழுக்குத் தேவையான சிக்கல் எழுத்து அமைப்பு ஓப்பன் ஆஃபீஸுக்குள் வந்தது. கொ என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். கோப்பில் அந்த வரிசையில் இருக்காது, வரையும்போதுதான் இடம் மாற்றி வைக்க வேண்டும். அந்த வேலையை மென்பொருள் செய்யத் தொடங்கியது. ஆனால் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாமல் போயிற்று. ஆவணத்தின் ஒவ்வொரு பாணியிலும் மேலை எழுத்துக்கு ஒரு ஃபாண்ட், ஆசிய எழுத்துக்கு (சீனம், ஜப்பானியம் போன்றவை) ஒன்று, சிக்கல் எழுத்துக்கு ஒன்று என்று மூன்று பெயர்கள் உண்டு. தமிழுக்குப் பொருந்துவது மூன்றாவது. லினக்ஸில் பல ஆவணங்களைத் திறந்து பார்த்தால் அந்த மூன்றாவது இடத்தில் லோஹித் ஹிந்தி என்று இருக்கும். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் மென்பொருள் அந்தந்த இயந்திரத்தில் கிடைக்கிற ஏதாவது ஒரு தமிழ் ஃபாண்டை எடுத்து நிரப்பும். இந்த மேசையில் ஒரு பக்கத்தில் அடங்கிய சுற்றறிக்கை அடுத்த மேசையில் ஒன்றேகால் பக்கமாக வருவதற்குக் காரணம் அதுதான். இயல்பு வார்ப்புருவில் சிக்கல் எழுத்துக்கு மொழி தமிழ், ஃபாண்ட் லோஹித் தமிழ் என்று வைத்து, அந்த ஒரே வார்ப்புருவை எல்லா இயந்திரங்களுக்கும் கொடுத்த பிறகு இந்தப் புகார் நின்றது. இன்றைக்கு, ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த லிப்ரே ஆஃபீஸிலும் நான் முதலில் திறப்பது அந்த அமைப்பைத்தான்.

ஆங்கிலக் கடிதங்களில் கதை வேறு. வெளியிலிருந்து வரும் ஆவணம் ஏரியலில் இருக்கும், எங்களிடம் ஏரியல் இருக்காது, அதன் இடத்தில் பிட்ஸ்ட்ரீம் வேரா வந்து உட்காரும். படிக்க நல்ல எழுத்து, ஆனால் அகலம் அதிகம். கையெழுத்து அடுத்த பக்கத்துக்கு ஓடியதெல்லாம் இதனால்தான். 2007இல் ரெட் ஹேட் லிபரேஷன் எழுத்துகளை வெளியிட்டது. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் அகலம் பிசகாத மாற்று. கட்டற்ற மென்பொருளை அலுவலகங்களில் நிற்க வைத்த காரியங்களில் அதற்கு முக்கியமான இடம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பிற்பாடு கலிப்ரிக்குப் பதிலாக கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதிலாக கலாடியா என்று அதே வழியில் வந்தன.

எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக ஃபாண்டுகளைத் தேடித் தரும் ஃபாண்ட்கான்ஃபிக் வந்ததும் மூன்று கணக்குப் புத்தகமும் மெல்ல ஒன்றாயின. ஃபாண்டை அடைவில் போட்டு எஃப்சி-கேஷ் என்ற கட்டளையை ஓட்டினால் திரைக்கும் தெரியும், அலுவலக மென்பொருளுக்கும் தெரியும். எஃப்சி-மேட்ச் என்று அடித்து ஏரியல் என்று கேட்டால், அதற்குப் பதில் எதைத் தரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும். அச்சடித்துப் பார்த்துத் தாளை வீணாக்க வேண்டியதில்லை.

தாளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லினக்ஸை நிறுவும்போது கவனிக்காமல் விட்டால் தாள் அளவு பல நேரம் அமெரிக்காவின் லெட்டர் ஆகிவிடும். அது 216க்கு 279 மில்லிமீட்டர். நம்முடைய ஏ4 210க்கு 297. தட்டில் ஏ4 இருக்கும், வேலை லெட்டர் கேட்கும், பிரிண்டர் விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா நிற்கும். கப்ஸில் ஓர் இடம், ஆவணத்தின் பக்கப் பாணியில் ஓர் இடம், இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

நன்கொடை ரசீதுக்கு, ஊசிகளால் தட்டி அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். கார்பன் நகல் வேண்டும் என்பதால் லேசர் ஆகாது. ஓரத்தில் துளையிட்ட தொடர்தாள், அதில் அறக்கட்டளை பெயரும் கட்டங்களும் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். முதல் ரசீதில் தொகை கட்டத்துக்குள் விழும், இரண்டாவதில் கொஞ்சம் மேலே, பத்தாவதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தொகை. எல்லோரும் துளைகளைப் பிடித்துத் தாளை இழுக்கும் டிராக்டரைக் குற்றம் சொன்னார்கள். தொடர்தாளின் ஒரு மடிப்பு 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். மென்பொருள் ஏ4 என்று நினைத்து 297இல் பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தது. மடிப்புக்கு 7.8 மில்லிமீட்டர் வீதம் பிசகினால் பத்து மடிப்பில் ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர். பக்க நீளத்தை 12 அங்குலமாக மாற்றியதும் நகர்வது நின்றது. மிச்சமிருந்த சின்னப் பிசகை ஸ்பேட்மினின் விளிம்பு அமைப்பில் சரிசெய்தேன். வெற்றுத்தாளில் அடித்து, ரசீதின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு மில்லிமீட்டர் இடது, ஒன்று கீழே என்று. ரசீது எழுதும் பெரியவர் கூடவே நின்று, "போதும் தம்பி, இப்ப கட்டத்துக்குள்ள உட்கார்ந்திருச்சு" என்று சொன்ன பிறகுதான் அமைப்பைச் சேமித்தேன்.

இப்போது ஸ்பேட்மின் இல்லை. லிப்ரே ஆஃபீஸ் பிரிண்டர் பட்டியலை நேராக கப்ஸிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, அச்சுக்கு அனுப்புவதும் பெரும்பாலும் பிடிஎஃப் ஆகத்தான். புதிய நெட்வொர்க் பிரிண்டர்களுக்கு டிரைவர்கூட வேண்டாம். தன்னைப் பற்றி தானே சொல்லிவிடுகின்றன. புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு பிபிடி என்றால் என்னவென்றே தெரியாமல் இருப்பது நல்லதுதான், அந்த நேரத்தை வேறு எதற்காவது செலவிடலாம். எழுத்தகலமும் தாள் அளவும் மட்டும் அப்படியே இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

நான் கப்ஸின் சோதனைப் பக்கத்தை நம்புவதில்லை. அது பிரிண்டர் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அதனால் சொந்தமாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். சுற்றிலும் தாள் ஓரத்திலிருந்து சரியாக 10 மில்லிமீட்டரில் ஒரு கட்டம். அளவுகோலை வைத்தால் விளிம்பும் அளவும் தெரிந்துவிடும். உள்ளே கெ, கே, கை, கொ, கோ, கௌ ஒரு வரி. ஏரியலில் ஒரு பத்தி, அதன் ஒவ்வொரு வரியும் எந்தச் சொல்லில் முடிய வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு. ஸ்ரீ இரண்டு முறை, ஸகரத்தில் தொடங்கி ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு ஶகரத்தில் தொடங்கி ஒன்று. பழைய ஃபாண்டுகளில் இரண்டாவது உடைந்து வரும், அழைப்பிதழ் அடிக்கிற இடங்களில் அது பெரிய சங்கடம். கடைசி வரியில் 2010இல் வந்த ரூபாய்க் குறி, பக்கத்தில் ஒரு தொகை. போன மாதம் ஓர் அலுவலகத்தில் அந்தக் குறி மட்டும் வெறும் கட்டமாக வந்தது. இருக்கிற ஃபாண்டுகளைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் போட்டுப் பார்த்தால் அங்கே லிபரேஷனின் பழைய பதிப்பு. அதைப் புதுப்பித்து, காசாளர் மேடம் கொடுத்த பழைய பில் ஒன்றைத் திரும்ப அடித்து, அவரிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன்.