பித்தளையில் எண்ணெய் போனதா? எலக்ட்ரோபிளேட்டர் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

ஐடிஐயில் எலக்ட்ரோபிளேட்டர் படித்து, செய்முறைத் தேர்வில் பித்தளைக்கு நிக்கல் முலாம் போட்டவன் நான். தேர்வுக்கு முன் எல்லாரும் நிக்கல் தொட்டியின் பிஎச், கரண்ட் கணக்கு என்று மனப்பாடம் செய்வார்கள். தேவைதான். ஆனால் முலாம் கொப்புளிப்பதற்கும் உரிவதற்கும் பெரும்பாலும் காரணம், அதற்கு முன்பே ஒட்டியிருந்த எண்ணெய்.

முதலில் என்ன எண்ணெய் என்று பாருங்கள். தாவர எண்ணெயும் கொழுப்பும் காரக் கரைசலில் சோப்பாக மாறிப் போய்விடும். லேத்தில் பட்ட மெஷின் ஆயில் அப்படி மாறாது. அதைக் கரைப்பானால் துடைக்க வேண்டும். மிச்சத்தைக் கிளீனர் (எண்ணெய் போக்கும் காரக் கரைசல்) பிரித்தெடுக்கும். பஃபிங் பசை (மெருகேற்றும் பசை) காய்ந்து இறுகிவிட்டால் பெரிய தொல்லை, சூடு ஆறுவதற்குள் துடைத்துவிடுங்கள். மரை வெட்டிய துளைக்குள் பிரஷ் போடாமல் விடாதீர்கள்.

இரும்புக்குப் போடும் கடும் காஸ்டிக் சோடா பித்தளைக்கு ஆகாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். சூடான காஸ்டிக் துத்தநாகத்தை அரித்துவிடும். சோடியம் கார்பனேட்டும் டிரைசோடியம் பாஸ்பேட்டும் சேர்ந்த மிதமான கரைசல், 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் போதும்.

அடுத்தது எலக்ட்ரோகிளீனிங், அதாவது கிளீனர் கரைசலில் கரண்ட் விட்டுச் சுத்தம் செய்வது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பிடித்துக்கொள்ளும் இடம் இது. பித்தளைத் துண்டை ஏன் கேத்தோடில் (மைனஸ் முனையில்) மாட்டுகிறோம்? அதே கரண்டுக்கு ஆனோடில் (பிளஸ் முனையில்) வரும் ஆக்சிஜனைவிடக் கேத்தோடில் இரண்டு மடங்கு ஹைட்ரஜன் வரும். அந்தக் குமிழிகள்தான் எண்ணெய்ப் படலத்தைக் கிளப்பிவிடுகின்றன. ஆனோடில் வைத்தால் பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும். கூடவே இதையும் சொல்லுங்கள்: கரைசல் பழையதாக இருந்தால் அதில் கரைந்திருக்கும் உலோகம் கேத்தோடில் படியும். இதைச் சொன்னால் புரிந்து படித்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. அலசித் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் 30 விநாடியாவது முழுப் பரப்பிலும் படலமாக நிற்க வேண்டும். திட்டுத்திட்டாக விலகினால் அங்கே எண்ணெய் இருக்கிறது. இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. கிளீனர் மிச்சம் ஒட்டியிருந்தால் எண்ணெய் மேலேயும் தண்ணீர் அழகாகப் படரும். அதனால் 5 முதல் 10 சதவீதக் கந்தக அமிலத்தில் சில விநாடி முக்கி, அலசி, மறுபடி பாருங்கள். அந்த இரண்டாவது சோதனையை நம்பலாம். (அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. கேட்பார்கள்.)

தேறாவிட்டால் துணியால் துடைத்துச் சமாளிக்க வேண்டாம், கிளீனருக்கே திரும்புங்கள். தேறினால் விரல் படாமல், துண்டு தொங்கும் செம்புக் கம்பியைப் பிடித்து, ஈரம் காயும் முன் நிக்கல் தொட்டியில் இறக்கிவிடுங்கள்.