எந்தக் கம்யூனிட்டிக்கு உள்ள காலேஜ்?

கலிபோர்னியாவின் கூப்பர்ட்டினோ ஊரில் உள்ள டி ஆன்சா கல்லூரியில் சேரப்போகிறேன் என்று விருதுநகருக்குப் போன் செய்து சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: "கம்யூனிட்டி காலேஜா? எந்தக் கம்யூனிட்டிக்கு?"

சாதிச் சான்றிதழைக் 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' என்று சொல்லியே பழகிய ஊர். அவர் கேட்டதில் தப்பில்லை. இங்கே கம்யூனிட்டி என்றால் அந்த வட்டாரத்து மக்கள், அரசு நடத்தும் இரண்டாண்டுக் கல்லூரி, பிளஸ் டூ மார்க் கேட்க மாட்டார்கள், நுழைவுத் தேர்வு கிடையாது, 18 வயது ஆனால் போதும் என்று விளக்கினேன். உடனே இரண்டாவது கேள்வி வந்தது: "மார்க்கே கேட்காத காலேஜ் என்ன காலேஜ்?"

இந்தக் கேள்வியை அம்மா மட்டும் கேட்கவில்லை. எச்4 விசாவில், அதாவது இங்கே வேலை பார்ப்பவரின் மனைவியாக, கலிபோர்னியாவுக்கு வந்து, பி.காம் பட்டத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்ற நானும் மனசுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்ச காலம் வீணாகவும் போனது. என் மாதிரி வந்திருப்பவர்களுக்கும், பிள்ளையை இங்கே சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மார்க் கேட்காததற்கு ஒரு வரலாறு உண்டு. 1960-ல் கலிபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. அதில் முக்கியப் பங்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர்ருடையது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள், படித்துப் பயன்பெறக்கூடிய மற்ற எல்லோருக்கும் இந்தக் கல்லூரிகள் என்று பிரித்தார்கள். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு மேலே உள்ளவற்றுக்கு மாறிக்கொள்ளும் வழியும் அதில் உண்டு. கதவைத் திறந்து வைத்தது யாரும் கவனிக்காமல் விட்டதால் அல்ல. திட்டமே அதுதான்.

கட்டணமும் 1984 வரை இல்லை. 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 'புரோபசிஷன் 13' சொத்துவரியைக் கடுமையாகக் குறைத்தது. உள்ளூர் சொத்துவரியில் ஓடிக்கொண்டிருந்த கல்லூரிகள் மாநில அரசின் கையை எதிர்பார்க்கும்படி ஆயிற்று. 1984-ல் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 5 டாலர் என்று வசூல் ஆரம்பித்தது. இப்போது செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், டி ஆன்சா மாதிரி செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக, குவார்ட்டர் முறையில் நடக்கும் இடங்களில் 31 டாலர். ஐந்து யூனிட் பாடம் ஒன்றுக்கு 155 டாலர், சில்லறைக் கட்டணங்கள் தனி. நான் கடைசியில் இங்கே வந்து நின்றதற்குக் காரணம், உண்மையைச் சொன்னால், இந்த 155 டாலர்தான்.

ஆனால் அந்த விலை கலிபோர்னியா குடியிருப்பாளர்களுக்கு மட்டும். வகுப்பு தொடங்குவதற்கு முன் குறைந்தது ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், வரித்தாக்கல், மாநில அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். எச்4-ல் இருப்பவர்கள் இந்தத் தகுதியைப் பெறலாம். எஃப்1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள் பெற முடியாது, அவர்களுக்கு வெளியூர்க் கட்டணம் பல மடங்கு. ஆகவே வந்த முதல் வாரத்திலேயே வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு ஒப்பந்தத்தில் கணவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய அலைந்தது தனிக் கதை.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இன்னொன்று செய்தேன். இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்கிய பிறகுதான் கல்லூரியில் சேர முடியும் என்று நானாக நினைத்துக்கொண்டு, மதிப்பெண் பட்டியலுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் அனுப்பி, காகிதம் வர, திரும்ப அனுப்ப என்று பத்து மாதத்தைக் கழித்தேன். சேர்வதற்கு அந்தக் காகிதமே வேண்டாம். ஏற்கெனவே படித்த பாடத்துக்கு விலக்கு வேண்டுமென்றால்தான் அது தேவை. நல்லவேளையாக அந்தப் பத்து மாதமும் குடியிருப்புக் கணக்கில் சேர்ந்துகொண்டது. இப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2017 இலையுதிர் பருவத்தில் முதல் வகுப்பு. அப்போது எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையிலேயே போகும் 23-ம் எண் பேருந்து டி ஆன்சாவில்தான் முடியும் என்பது பெரிய நிம்மதி. இறங்கினால் சிவப்பு ஓட்டுக் கூரைகள், வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள். 1967-ல் திறந்த 112 ஏக்கர் வளாகம். அதே நிர்வாகத்தின் கீழ் உள்ள ஃபுட்ஹில் கல்லூரிதான் மூத்தது. 1776-ல் இந்தப் பக்கம் வந்த ஸ்பானியப் பயணத் தலைவர் ஹுவான் பௌதிஸ்தா தெ ஆன்சாவின் பெயரைக் கல்லூரிக்கு வைத்தார்கள். அவரோடு வந்த பாதிரியார் ஓர் ஓடைக்கு வைத்த பெயரிலிருந்துதான் ஊருக்கே கூப்பர்ட்டினோ என்ற பெயர்.

கல்லூரிக்கு முன் இது திராட்சைத் தோட்டமும் மாளிகையுமாக இருந்த இடம். 1890-களில் கட்டிய அந்த மாளிகையை இடிக்காமல் நகர்த்தி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 'லெ பெத்தி திரியானோன்' என்று பெயர். இப்போது கலிபோர்னியா வரலாற்று மையம் அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டிய தோட்டம் ஒன்று. எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டே படிக்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஃபிளின்ட் சென்டர் என்ற பெரிய அரங்கும் இருந்தது. 1984 ஜனவரி 24-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்கின்டாஷ் கணினியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியது அங்கேதான். நான் படித்துக்கொண்டிருந்த 2019-ல் அதை மூடினார்கள். ஜாப்ஸோடு சேர்ந்து ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வோஸ்னியாக் ஒரு வருடம் இங்கே படித்தவர். இந்தத் தகவலை அம்மாவிடம் சொன்னேன். "சரி, அவர் டிகிரி முடித்தாரா?" என்றார்.

இனி படிப்புக்கு வருகிறேன். சேர்வது சுலபம், கஷ்டமெல்லாம் காலண்டரில் இருக்கிறது. குவார்ட்டர் என்றால் தேர்வு வாரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டே வாரம். நம் ஊரில் செமஸ்டர் ஆரம்பித்து ஒரு மாதம் ஆனாலும் யார் எந்தப் பாடம் என்று பேசிக்கொண்டிருப்போம். தேர்வுக்கு முந்தைய பத்து நாள் விழித்துப் படித்தால் முதல் வகுப்பு வாங்கிவிடலாம். அந்த நம்பிக்கையோடுதான் நானும் அக்கவுண்டிங் 1ஏ-வில் உட்கார்ந்தேன். பற்றும் வரவும் எனக்குத் தெரியாததா? நாலாவது வாரம் முதல் மிட்டெர்ம் வந்தது. நூற்றுக்கு அறுபத்தொன்று.

பாடம் தெரியாமல் போனதால் வந்த மார்க் அல்ல அது. வாரா வாரம் இணையத்தில் சமர்ப்பிக்க வேண்டிய வீட்டுப்பாடத்துக்கு நள்ளிரவு கெடு, அதில் இரண்டைத் தவறவிட்டிருந்தேன். தேர்வில் 'ஜர்னல் என்ட்ரி போடு' என்று மட்டும் கேட்கவில்லை. 'இந்தப் பதிவை விட்டுவிட்டால் லாபம் கூடுமா, குறையுமா, ஏன்?' என்று கேட்டார்கள். நான் மனப்பாடம் செய்திருந்த படிவங்கள் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

பேராசிரியர் முதல் நாள் கொடுத்த கிரீன் ஷீட்டை அன்று இரவுதான் முழுசாகப் படித்தேன். பாடத்திட்டம், கெடு தேதிகள், எதற்கு எத்தனை சதவீதம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைக் காலண்டரில் ஏற்றிவைக்காமல் இரண்டாவது வகுப்புக்குப் போகாதீர்கள். என் வழக்கம் பின்னால் இப்படி ஆனது: எந்தப் பாடமானாலும் வகுப்புக்கு முன் அரை மணி நேரம் புரட்டிப் பார்ப்பது, வகுப்பு முடிந்த அன்றே கணக்குகளைப் போட்டுவிடுவது, புரியாததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆபீஸ் ஹவருக்குப் போவது. ஆபீஸ் ஹவர் என்றால் பேராசிரியர் மாணவர்களுக்கென்று உட்கார்ந்திருக்கும் நேரம். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று வளர்ந்த நமக்கு உள்ளே போகவே தயக்கமாக இருக்கும். நான் போன முதல் நாள் அங்கே வேறு யாருமே இல்லை. நாற்பது நிமிடம் எனக்கு மட்டும் பாடம் நடந்தது. இலவச டியூட்டரிங்கும் உண்டு. பாடப்புத்தகம் விலை அதிகம். நூலகத்தில் ரிசர்வ் பிரதி, அதாவது கொஞ்ச நேரத்துக்கு வாங்கிப் படிக்கும் பிரதி, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வகுப்பில் இடம் பிடிப்பது இன்னொரு கலை. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பதிவுத் தேதி கடைசியில்தான் வரும். அதற்குள் நல்ல வகுப்புகள் நிரம்பியிருக்கும். வெயிட்லிஸ்டில் பெயரைப் போட்டுவிட்டு முதல் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள். வராதவர்களை அன்றே நீக்கிவிடுவார்கள், அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும். வகுப்பில் பதிவு செய்யப் பேராசிரியர் தரும் 'ஆட் கோட்' எண்ணை அன்றே போட்டுவிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகுங்கள், ஒரு தடயமும் இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' விழும். டபிள்யூவும் ஒரு முயற்சியாகவே கணக்கு; ஒரே பாடத்துக்கு மூன்று முயற்சிகள்தான் பொதுவாக உண்டு.

எங்கள் வகுப்பில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பக்கத்து உயர்நிலைப் பள்ளி மாணவன், பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கிறவன். அப்படி எடுப்பவர்களுக்கு யூனிட் கட்டணமும் கிடையாது. அவனுக்கு அந்தப் பக்கம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பப் படிக்க வந்த அறுபது வயதுக்காரர். வியட்நாம், ஈரான், சீனா என்று மற்றவர்கள். குழு வேலைக்கு ஆள் பிரிக்கும்போது யாரோடும் சேர்வார்கள். தமிழர்களாகத் தேடிப் போய் உட்காராதீர்கள் என்று சொல்வேன். நான் இரண்டு குவார்ட்டர் அப்படி உட்கார்ந்து என் ஆங்கிலத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒன்று, கொஞ்சம் கூச்சமான விஷயம். ரெக்கார்டு நோட்டைத் தோழிக்குக் கொடுப்பதும் வாங்கி எழுதுவதும் நம் கல்லூரிகளில் நட்பின் இலக்கணம். இங்கே அது ஏமாற்று வேலை. கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் பூஜ்யம் விழலாம், கல்லூரியின் ஒழுங்கு விசாரணை வரை போகலாம். ஒருமுறை ஒரு பெண் என் எக்செல் கோப்பைக் கேட்டார். கொடுக்க மறுத்து, உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் அதன்பின் என்னோடு பேசவில்லை.

என் இலக்கு சிபிஏ, நம் ஊர் ஆடிட்டர் மாதிரி உரிமம் பெற்ற கணக்காளர் ஆவது. நான் பார்த்த காலத்தில் அந்த உரிமத்தைக் கொடுக்கும் கலிபோர்னியா வாரியம் தேர்வு எழுதவே கணக்கியலில் 24, வணிகம் சார்ந்த பாடங்களில் 24 செமஸ்டர் யூனிட் கேட்டது. விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, வாரியத்திடமே சரிபாருங்கள். இங்கே கவனிக்க வேண்டியது: குவார்ட்டர் யூனிட்டை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துத்தான் எண்ணுவார்கள். 24 வேண்டுமென்றால் 36 படிக்க வேண்டும். 1ஏ, 1பி, 1சி மூன்றும் ஒரு தொடர். நடுவில் செமஸ்டர் முறைக் கல்லூரிக்கு மாறினால் பாடங்கள் பொருந்தாமல் தொங்கும். வேலை பார்ப்பது வேறு விஷயம். எச்4-க்கு அதற்கெனத் தனி அனுமதி அட்டை வேண்டும், படிப்பதற்கு வேண்டாம்.

பிள்ளைகளுக்காக விசாரிக்கும் பெற்றோருக்கு: யூசிக்கு மாற 90 குவார்ட்டர் யூனிட் சேர்க்க வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு 'டேக்' எனப்படும் இட உத்தரவாதம் கேட்கலாம், நிபந்தனைகள் உண்டு. விண்ணப்பிக்கும் மாதம் செப்டம்பர். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் இதில் இல்லை. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை 'அசிஸ்ட்' தளத்தில் பார்த்த பிறகே பதிவு செய்யச் சொல்லுங்கள். நண்பன் சொன்னான் என்று எடுத்த பாடத்துக்கு அங்கே மதிப்பில்லாமல் போகலாம்.

நான் சேர்ந்த மறு வருடம் அம்மா ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்தார். 23-ம் எண் பேருந்தில் கூட்டிப்போய்த் தோட்டத்தில் உட்காரவைத்தேன். அன்று நான் வகுப்பு முடிந்து வருவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பாட்டியோடு சைகையிலேயே பேசி, அவர் ஓவிய வகுப்புக்கு வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்திருந்தார். வீடு திரும்பும்போது கேட்டார், "எனக்கும் அதில் ஒரு சீட் போடேன். மார்க் கேட்க மாட்டார்கள் என்றுதானே சொன்னாய்?"

விசிட்டர் விசாவில் வந்தவர்கள் கல்லூரிப் படிப்பில் சேரக் கூடாது என்று சொன்னேன்.

"அப்போ எல்லாருக்கும் இல்லையே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.