ஓட்டுச்சீட்டின் அடியில் இருக்கும் பெயர்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிற ஷுகர்லேண்டில் குடியிருக்கிறோம். விசா, கிரீன் கார்டு, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் இந்த ஊர் நீதிமன்றத்தைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை. குடியுரிமை வாங்கி, 2022 நவம்பரில் முதல் தடவையாக ஓட்டுப் போடப் போனேன். கவர்னர் பெயர்கள் வந்தன, சரி. அப்புறம் நீதிபதி, நீதிபதி, நீதிபதி என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கட்சி.

ஊரில் சிவில் நீதிபதி ஆக வேண்டும் என்றால் டிஎன்பிஎஸ்சி தேர்வு. என் சித்தப்பா மகள் அதற்காக இரண்டு வருடம் கல்யாணம் காட்சி எதற்கும் போகாமல் படித்தாள். உயர் நீதிமன்றம் என்றால் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் பரிந்துரைக்கும். எதிலும் நம்மிடம் யாரும் வந்து கேட்பதில்லை. இங்கே கேட்கிறார்கள், எனக்கோ ஒரு பெயரும் தெரியவில்லை. ஓட்டுப் போடும் இடத்தில் போனை எடுக்கவும் கூடாது. தெரியாத ஆளுக்கு எப்படிப் போடுவது என்று பாதிக்கு மேல் காலியாக விட்டுவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து ஜூரி பணிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, வரச்சொல்லி கவுன்ட்டி நீதிமன்றம் இருக்கும் ரிச்மண்டிலிருந்து கடிதம் வந்தது. நீதிபதி உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றோம். மேசை மேலிருந்த பெயர்ப்பலகையைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் காலியாக விட்ட இடங்களில் அந்த அம்மா பெயரும் ஒன்று. என்னை ஜூரியில் எடுக்கவில்லை, ஆனால் அன்றைக்குத்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த 1869 அரசியல் சட்டப்படி டெக்சாஸில் கவர்னர்தான் நீதிபதிகளை நியமித்தார். அந்த அதிகாரத்தின் மேல் மக்களுக்கு இருந்த கோபத்தில், 1876 அரசியல் சட்டம் அதைப் பறித்து வாக்காளர் கையில் கொடுத்தது. மாவட்ட நீதிபதிக்கு நான்கு வருடம், மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஆறு வருடம். மத்திய நீதிமன்றங்களுக்கு மட்டும் ஜனாதிபதி நியமனம், அது ஆயுள் பதவி. புதிதாக வருகிறவர்கள் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது: 'கவுன்ட்டி ஜட்ஜ்' என்பவர் பெரும்பாலும் நிர்வாகத் தலைவர்தான், நம் வழக்கு அவரிடம் போகாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு போவது 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்பவரிடம். அவரும் தேர்தலில் வருபவர், வக்கீலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நான் முதலில் ஓட்டுப் போட்ட அதே தேர்தலில்தான் சுரேந்திரன் பட்டேல் இங்கே 240வது மாவட்ட நீதிமன்றத்துக்கு ஜெயித்தார். காசர்கோட்டில் பிறந்தவர், சின்ன வயதில் பீடி சுற்றியவர். பத்தாவதோடு படிப்பு நின்று, பிறகு மறுபடி தொடர்ந்து, ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டே கோழிக்கோட்டில் சட்டம் படித்தார். 2007ல் நர்ஸான மனைவியோடு இங்கே வந்து, மளிகைக் கடையில் கொஞ்ச நாள் நின்று, டெக்சாஸ் பார் தேர்வு எழுதி வக்கீலானார். குடியுரிமை கிடைத்தது 2017ல். ஐந்தே வருடத்தில், பதவியில் இருந்த நீதிபதியைக் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்கடித்து, நவம்பரிலும் ஜெயித்துவிட்டார். தன் உச்சரிப்பைக் குறை சொன்னார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அலுவலக மீட்டிங்கில் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்த எல்லோருக்கும் அது புரியும். தேர்தல் இல்லாமல் நியமனம் மட்டும் இருந்திருந்தால், பெரிய இடத்துத் தொடர்பு ஏதும் இல்லாத அவர் அந்த நாற்காலிக்கு வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதற்காக இந்த முறை எனக்கு முழுசாகப் பிடித்திருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். நீதிபதி பேருக்குப் பக்கத்தில் கட்சி எதற்கு? நாளைக்கு அவர் முன்னால் வாதாடப் போகிற வக்கீல்களே இன்றைக்கு அவருக்குத் தேர்தல் நன்கொடை கொடுக்கிறார்கள். அதற்கு உச்சவரம்பு இருக்கிறது, இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. 2020க்கு முன்பு வரை ஒரே பொத்தானில் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் எல்லோருக்கும் போட்டுவிடலாம். பக்கத்து ஹாரிஸ் கவுன்ட்டியில் 2018ல் அடித்த அலையில், நன்றாக வேலை செய்தவர், செய்யாதவர் என்ற பேதமில்லாமல் ஒரு கட்சி நீதிபதிகள் எல்லோரும் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

இப்போதெல்லாம் ஓட்டுப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே கவுன்ட்டியின் தேர்தல் தளத்தில் மாதிரி ஓட்டுச்சீட்டை எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து நானும் மனைவியும் ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறோம். எத்தனை வருட வக்கீல், எந்த மாதிரி வழக்குகள் நடத்தினார், முன்பு எதற்காவது கண்டிக்கப்பட்டாரா என்று. எழுதிய தாளை உள்ளே எடுத்துப் போகத் தடையில்லை. போன தடவை குடும்ப நீதிமன்றத்துக்கு அவள் குறித்திருந்த பெயர் வேறு, நான் குறித்த பெயர் வேறு. ஏன் என்று கேட்டேன். சிநேகிதியின் விவாகரத்து வழக்குக்குத் துணையாகப் போய், பின்வரிசையில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். "அந்தப் பிள்ளை பேசி முடிக்கிறவரைக்கும் அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசலைங்க" என்றாள். நான் என் தாளை மாற்றி எழுதினேன்.