"குடுத்துப் பாத்தா என்ன நஷ்டம்?"

ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்களோட அப்பா அம்மா நாலு பேர் சேர்ந்தா பேச்சு எப்படியும் மருந்துலதான் வந்து நிக்கும். யாரோ ஒரு பிள்ளைக்கு இந்த மாத்திரை குடுத்தாங்களாம், ரெண்டே வாரத்துல பேச ஆரம்பிச்சுட்டானாம். கூடவே அடுத்த வார்த்தை, "சைடு எஃபெக்ட்டும் பெருசா இல்லையாம், குடுத்துப் பாத்தா என்ன நஷ்டம்?" என்கிட்டயும் நிறைய பேர் கேட்டிருக்காங்க, அக்கறைலதான் கேக்கறாங்க, அதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல. ஆனா அந்த நஷ்டம் யாருக்குன்னு மட்டும் யாரும் யோசிக்கற மாதிரி தெரியல.

என் பையனுக்கு இன்னும் பேச்சு வரல. வயிறு வலிச்சா சோஃபா கைப்பிடி மேல குப்புற படுத்து வயித்தை அழுத்திக்குவான். காது வலிச்சா உள்ளங்கையால காதுலயே அடிச்சுக்குவான், பல் வலிக்கும் அதே அடிதான், பக்கத்துல எங்கயாவது டிரில்லிங் சத்தம் கேட்டாலும் அதே அடிதான். அவங்க அப்பா அவனை மடில சாய்ச்சு பிடிச்சுக்க, நான் டார்ச் அடிச்சு முதல்ல ஈறு, அப்புறம் தொண்டை, அப்புறம் காதுன்னு ஒவ்வொண்ணா பாத்து, சிவந்திருக்கா வீங்கியிருக்கான்னு தேடுவோம். இப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு மருந்தைக் குடுத்து அதுனால தலை சுத்துது, குமட்டுது, நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு வச்சுக்கோங்க, அவன் அதை எப்படி சொல்லுவான்? அழுவான், கடிப்பான், ராத்திரி தூங்க மாட்டான். பாக்கறவங்க பிஹேவியர் கூடிடுச்சுன்னுதான் சொல்லுவாங்க, டோஸை ஏத்திப் பாக்கலாம்னு சொல்ற ஆளும் இருப்பாங்க. வாய் விட்டு சொல்லத் தெரிஞ்ச நமக்கே ஒரு மாத்திரை ஒத்துக்கலன்னா எவ்வளவு பாடு!

இது இன்னைக்கு நேத்து வந்த விஷயம் இல்ல. 1998-ல செக்ரெட்டின்னு ஒரு ஹார்மோனைப் பத்தி ஒரு ரிப்போர்ட் வந்துச்சு. கணையம் சரியா வேலை செய்யுதான்னு பாக்கற டெஸ்ட்டுக்குப் போடற ஊசி அது. அதைப் போட்ட மூணு பிள்ளைங்களுக்கு கண் பார்த்து பேசறது, வார்த்தை எல்லாம் கூடுச்சுன்னு எழுதியிருந்தாங்க, மூணே மூணு பிள்ளைங்க, ஒப்பிட்டுப் பாக்க வேற குரூப் கிடையாது, அவ்வளவுதான், அந்த ஊசியைத் தேடி பெத்தவங்க அலைய ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த வருஷமே அமெரிக்காவுல 60 பிள்ளைங்களை வச்சு சரியா சோதனை பண்ணாங்க, பாதிப் பேருக்கு செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி, யாருக்கு எதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் முன்னேற்றம் தெரிஞ்சுது, உப்புத் தண்ணியை விட செக்ரெட்டின் ஒண்ணும் கூடுதலா செய்யல. முடிவை சொன்னதுக்கு அப்புறமும் அதுல 69 சதவீதம் பெத்தவங்க எங்களுக்கு இன்னும் அந்த மருந்துல ஆர்வம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. இதைப் படிச்சப்போ எனக்கு அவங்க மேல கோபம் வரல, நெஞ்சு கனத்துப் போச்சு. அந்த நம்பிக்கையை விட்டா கைல வேற என்ன இருக்கு அவங்களுக்கு?

உப்புத் தண்ணிக்கே எப்படி முன்னேற்றம் தெரியுது? நான் இதை ரொம்ப யோசிச்சிருக்கேன். நம்ம பிள்ளைங்க நின்ன இடத்துலயே நிக்கறவங்க இல்ல, மெதுவா வளர்ந்துட்டுதான் இருக்காங்க, சில மாசம் ஒண்ணுமே நகராத மாதிரி இருக்கும், திடீர்னு ஒரு வாரத்துல ரெண்டு புது விஷயம் செய்வாங்க. நாம புது மருந்தைத் தேடறதோ எல்லாம் ரொம்ப மோசமா போற சமயத்துல, அதுக்கப்புறம் கொஞ்சம் தணியறது எப்படியும் நடக்கும். அதோட மருந்து ஆரம்பிச்ச நாள்ல இருந்து நாம பிள்ளையை உத்துப் பாக்க ஆரம்பிக்கறோம், போன மாசமும் செஞ்ச ஒண்ணு இப்பதான் கண்ணுல படுது. இது ஏமாளித்தனம் இல்லைங்க, பாசம் இருக்கற எந்தக் கண்ணும் இப்படித்தான் பாக்கும். சிட்டலோபிராம்னு மனச்சோர்வுக்குக் குடுக்கற ஒரு மருந்து, 2009-ல வந்த அதோட சோதனைல 149 ஆட்டிசப் பிள்ளைங்க, மருந்து சாப்பிட்டதுலயும் மூணுல ஒரு பங்கு பேருக்கு நல்ல முன்னேற்றம், சும்மா மாத்திரை சாப்பிட்டதுலயும் மூணுல ஒரு பங்குதான். ஒரே ஒரு வித்தியாசம், நிஜ மருந்து சாப்பிட்ட பிள்ளைங்களுக்கு துறுதுறுப்பு, தூக்கக் கேடு மாதிரி தொந்தரவு கூட இருந்துச்சு.

புமெட்டனைடு கதையும் இதே ரகம்தான். நீர் பிரியறதுக்குக் குடுக்கற பழைய மருந்து அது, சின்னச் சின்ன சோதனைல நல்லா தெரிஞ்சுது, பெருசா பண்ணப்போ பலன் இல்லன்னு 2021-ல நிறுத்திட்டாங்க. அதுவரைக்கும் அதை வெளில வாங்கிக் குடுத்த வீடுகள்ல பிள்ளைக்கு பொட்டாசியம் இறங்குதான்னு பாக்க அடிக்கடி ரத்தம் எடுக்கணும், ஊசியைப் பாத்தாலே வீட்டையே தலைகீழாக்கற பிள்ளைக்கு அதுவே எவ்வளவு பெரிய கொடுமை. ஆக்ஸிடோசின்ங்கற ஹார்மோனோட மூக்கு ஸ்பிரேவும் அதே வருஷம் 290 பேர்கிட்ட சோதிச்சதுல சும்மா ஸ்பிரேவை விட மேல இல்லன்னு வந்துச்சு.

இப்போ எல்லார் வாய்லயும் இருக்கறது லூகோவோரின். 2025 செப்டம்பர்ல அமெரிக்க அரசு அதைப் பத்தி அறிவிச்சதுல இருந்து எனக்கு வராத மெசேஜ் இல்ல. ஃபோலேட்ங்கற பி விட்டமினோட ஒரு வகை அது, கேன்சர் ட்ரீட்மெண்ட்ல ரொம்ப காலமா இருக்கற மருந்து. மூளைக்கு ஃபோலேட் சரியா போய்ச் சேராத ஒரு அபூர்வமான குறைபாடு இருக்கு, அந்தப் பிள்ளைங்களுக்கு அது உதவுது. ஆனா ஆட்டிசம்னு எடுத்தா, எல்லாரும் காட்டற 2018 சோதனைல இருந்தது 48 பிள்ளைங்க. நம்பிக்கை தர்ற மாதிரி இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், ஆனா செக்ரெட்டினும் புமெட்டனைடும் தொடக்கத்துல நம்பிக்கை தந்ததுதான். அதோட ஃபிட்ஸுக்கு மாத்திரை சாப்பிடற பிள்ளைங்க நம்மள்ல நிறைய இருக்காங்க, ஃபெனிடாய்ன், ஃபீனோபார்பிட்டால் மாதிரி மருந்தோட வேலையை இது குறைச்சுடலாம், ஃபிட்ஸ் கூடலாம். விட்டமின் மாதிரிதானேன்னு சொல்றவங்க யாரும் இதை சொல்றதில்ல.

சில விஷயத்துல யோசிக்கவே இடம் இல்ல. உடம்புல இருக்கற பாதரசத்தை எடுக்கறோம்னு கீலேஷன் பண்ணாங்க, 2005-ல அமெரிக்காவுல அஞ்சு வயசுப் பையன் ஒருத்தனுக்கு அந்த மருந்தை ரத்தத்துல ஏத்தினப்போ கால்சியம் இறங்கி இதயம் நின்னு போச்சு. அந்தப் பெத்தவங்களும் பிள்ளை நல்லா ஆகணும்னுதான் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. ப்ளீச் பண்ற குளோரின் டையாக்சைடை சொட்டு மருந்துன்னு சொல்லி பிள்ளை வாய்ல ஊத்தச் சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அவங்க எவ்வளவு அன்பா பேசினாலும் தயவுசெஞ்சு கதவைச் சாத்துங்க.

நான் மருந்துக்கு எதிரி இல்ல. ரிஸ்பெரிடோன் 2006-லயும் அரிப்பிப்ரசோல் 2009-லயும் அமெரிக்காவுல அனுமதி வாங்கினது ஆட்டிசத்தோட வர்ற கடுமையான எரிச்சலுக்கு, தன்னையே அடிச்சுக்கறதுக்கு. அது உண்மையா உதவுது, பசியும் எடையும் எகிறும், அதையும் கூடவே கவனிக்கணும். தூக்கத்துக்கு மெலடோனின் நிறைய பிள்ளைங்களுக்குக் கை குடுக்குது. ஆட்டிசத்தையே மாத்தற மருந்து மட்டும் இதுவரைக்கும் இல்ல. அதனால எங்க வீட்டுல யாராவது ஒரு மருந்து சொன்னா நாங்க கேக்கற முதல் கேள்வி, இது எதுக்கு? "ஆட்டிசத்துக்கு"ன்னு மொட்டையா பதில் வந்தா அதோட பேச்சு முடிஞ்சுது. தூக்கம், மலச்சிக்கல், ஃபிட்ஸ், பதட்டம்னு ஒரு பேர் சொன்னா மேல பேசலாம். வேலை செய்யுதுன்னு எதை வச்சு சொல்லுவோம், எப்போ நிறுத்துவோம்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதி வைக்கணும், அந்த சமயத்துல புது தெரபி, புது கிளாஸ்னு வேற எதையும் மாத்தக் கூடாது. மருந்து குடுக்கறது தெரியாத ஒரு டீச்சர் என்ன சொல்றாங்கன்னு கேட்டா இன்னும் நல்லது.

லூகோவோரின் பத்தி எங்க டாக்டர்கிட்டயும் கேட்டோம். "உங்க பையனுக்கு அந்தக் குறைபாட்டுக்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியல, பெரிய சோதனை முடியட்டும், காத்திருக்கறதுனால நீங்க ஒண்ணும் இழக்கப் போறதில்ல"ன்னாங்க. அவங்க அப்பாவுக்கு மனசு முழுசா ஆறல, "ஒருவேளை வேலை செஞ்சுட்டா?"ன்னு ராத்திரி திரும்பக் கேட்டார். எனக்கும் அந்த ஒருவேளை உள்ள இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாது. ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம், அவன் வயசுக்கு முறையான சோதனை ஏதாவது வந்தா அப்போ விசாரிக்கலாம். இப்போ அவனுக்கு மலச்சிக்கல்தான் பெரிய தொந்தரவு, டாக்டர் அதுக்கு மருந்து மாத்திக் குடுத்திருக்காங்க, சோஃபா மேல குப்புற படுக்கறது குறையுதான்னு நோட்டுல குறிச்சுட்டு வர்றோம்.