கருப்பு நாக்கு சாட்சி ஆகாது: கடக்நாத் சேவலுக்கு ஒரு சோதனை அடை

ரொம்ப நாள் சந்தேகம் தீர்ந்தது. என்னிடம் இருக்கும் இரண்டு கடக்நாத் (கறி வரை கருப்பான கோழி இனம்) சேவல்களில் பெரியது சுத்தம், சின்னது கலப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கொண்டை, தாடி, நாக்கு, கால் நகம் வரை ஒரே கருப்பு. சின்னதை விற்றவர் அதன் வாயைப் பிளந்து காட்டி, "நாக்கைப் பாருங்கண்ணே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. நாக்கை மட்டும் காட்டுகிறவர் தாய் தகப்பனைக் காட்டமாட்டார்.

தோல், எலும்புறை, கறி எல்லாம் கருப்பாக வருவது ஃபைப்ரோமெலனோசிஸ் என்ற ஒரே ஜீனால். அது ஆதிக்க ஜீன், ஒரு பிரதி இருந்தாலே போதும். அதனால் முதல் தலைமுறைக் கலப்பிலேயே கருங்குஞ்சுகள் இறங்கிவிடும். மொட்டைக்கழுத்துக் கோழி இந்த விஷயத்தில் நேர்மையானது. கலப்பு என்றால் கழுத்தின் முன்பக்கம் ஒரு கொத்து இறகு நின்று காட்டிக்கொடுத்துவிடும். கடக்நாத்தில் அப்படி ஒரு வசதி இல்லை. (முட்டையும் கருப்பாக இருக்கும் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது வெளிர் பழுப்புதான். அந்த ஆளிடம் எதுவும் வாங்க வேண்டாம்.)

ஆகவே கருப்பில்லாத பெட்டையோடு விட்டுக் குஞ்சு பொரித்துப் பார்ப்பதுதான் வழி. சுத்தமான சேவலிடம் அந்த ஜீன் இரண்டு பிரதி, அதனால் எல்லாக் குஞ்சும் கருப்பு; கலப்பிடம் ஒன்றுதான், அதனால் வெளிர் குஞ்சும் வரும். சோதனைக்கு எந்தப் பெட்டை என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "வெள்ளைக்கால் பெட்டையோடு விடு, வித்தியாசம் பளிச்சென்று தெரியும்" என்பார்கள். தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும். தோலில் கருப்பு படியவிடாமல் தடுக்கும் இன்னொரு ஜீன் இருக்கிறது. வெள்ளைக்கால், மஞ்சள்கால் கோழிகளிடம் பொதுவாக இருப்பது அதுதான். அது ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டைக் குஞ்சுக்கு அந்தக் குரோமோசோம் அப்பனிடமிருந்து மட்டுமே வரும், சேவல் குஞ்சுக்கு அம்மாவிடமிருந்தும் வரும். விளைவு, சேவல் அசல் சுத்தமாகவே இருந்தாலும் ஆண் குஞ்சுகள் எல்லாம் வெளுத்து, அங்கங்கே கரும்பூச்சோடு நிற்கும். "பாதி வெளுப்பு, உன் சேவல் கலப்பு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் புன்னெட்டும் சில்க்கி என்ற இன்னொரு கருந்தோல் கோழியை வைத்து 1911லேயே இதை விளக்கிவிட்டார்கள். நல்ல சேவல்கள் இந்தப் பழியில் இன்னும் குழம்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் எடுத்தது சாம்பல்கால் நாட்டுப் பெட்டைகள். சாம்பல்கால் என்றால் அந்தத் தடுப்பு ஜீன் இல்லை, ஆக ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாக் குஞ்சையும் கணக்கில் எடுக்கலாம். காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பாருங்கள். சேற்றுக் கறையைச் சாம்பல் நிறம் என்று எண்ணிவிடக் கூடாது, செதிலுக்கு அடியில் நிறம் இருக்க வேண்டும். முகமும் கொண்டையும் நல்ல சிவப்பு, நாக்கு வெளிர் நிறம். இதில் சந்தேகம் இருந்தால் அந்தப் பெட்டை வேண்டாம்.

அடுத்தது காத்திருப்பு. ஒரு தடவை சேவல் மிதித்தால் அந்த விந்து பெட்டைக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். அதனால் பெட்டைகளை மூன்று வாரத்துக்கு மேல் தனிக்கூண்டில் வைத்து, அதற்குள் இட்ட முட்டையெல்லாம் ஆம்லெட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டுச் சேவல் சுவரேறிக் குதிக்கும் ஆசாமி, கூண்டுக்கு மேலேயும் வலை கட்ட வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு சேவலுக்கும் தனிப் பெட்டை, முட்டையில் பென்சில் குறி. அடைக்கு நாட்டுக்கோழிகள்தான். கடக்நாத்தை அடைக்கு நம்பினால் பாதியில் எழுந்து போய்விடும். டார்ச் அடித்துக் கூமுட்டையைக் கழித்தது போக, 21ஆம் நாள் இரண்டு அடையும் பொரித்தன.

பொரித்த அன்று ரோமத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கருப்பு ரோமம் வேறு ஜீன் வேலை. நான் பார்ப்பது வயிற்றுத் தோலை. குஞ்சை உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டு, வயிற்று ரோமத்தில் மெல்ல ஊதினால் நடுவில் வகிடு பிரிந்து தோல் தெரியும். பெரிய சேவலின் குஞ்சுகள் அத்தனையிலும் அந்த வகிடு கருநீலம், வாய்க்குள் அண்ணமும் அப்படியே. சின்னதின் குஞ்சுகளில் சிலவற்றுக்கு முதுகு ரோமம் கருகரு, கால் சாம்பல், ஆனால் ஊதினால் இளஞ்சிவப்பு! இரண்டு வாரம் விட்டுத் திரும்பப் பார்த்தேன், கண்ணைச் சுற்றியும் சிவப்பு தட்டியிருந்தது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

இந்த முறையில் ஒரே ஒரு வெளிர் குஞ்சு போதும், அப்பன் கலப்பு. எல்லாம் கருப்பு என்று வந்தால்தான் எண்ணிக்கை முக்கியம். கலப்புச் சேவலுக்குக் குஞ்சு கருப்பாவது பாதிக்குப் பாதி. ஏழும் கருப்பாக வந்து ஏமாற்ற 128இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. நாலைந்து குஞ்சை வைத்துப் பெருமை அடிக்காதீர்கள்.

இது கருப்பு ஜீனுக்கான சான்று மட்டும்தான், இனத்துக்கே சான்று இல்லை. கருங்குஞ்சாகவே பொறுக்கிப் பொறுக்கி நாலு தலைமுறை கலந்து வளர்த்தவர்களும் உண்டு. அதற்குத்தான் மற்ற அடையாளங்கள். கடக்நாத்துக்கு ஒற்றைக் கொண்டை. மூன்று வரியாகத் தலையோடு படிந்த கொண்டை வந்தால் அசீல் என்ற சண்டைக்கோழி வாடை. ஐந்தாவது விரலோ காலில் இறகோ தென்பட்டால் சில்க்கி எங்கேயோ புகுந்திருக்கிறது. என் பெரிய சேவல் இதிலெல்லாம் தேறியது. எடையும் இரண்டு கிலோவைத் தாண்டவில்லை. மூன்று கிலோ கடக்நாத் சேவல் என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

குஞ்சு எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: 2018இல் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டக் கடக்நாத் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புறம் தோனி 2,000 குஞ்சு கேட்ட செய்தி வந்தது. அதற்குப் பிறகு கருப்பாக இருப்பதெல்லாம் கடக்நாத் ஆகிவிட்டது. ஜாபுவா வேளாண் அறிவியல் மையத்தில் கிடைக்கும், தூரமும் காத்திருப்பும் உங்கள் பாடு. அருகில் வாங்குவதென்றால் தாய்ப்பட்டியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து என் வெடைகளைச் சோதிக்க வேண்டும். அதற்கு வேண்டியது சாம்பல்கால் நாட்டுச் சேவல். வெள்ளைக்கால் சேவலை விட்டால் பெரும்பாலும் மொத்தக் குஞ்சும் வெளுத்து, ஒன்றும் புரியாது. தெரிந்த ஒருவரிடம் சரியான சேவல் இருக்கிறது, இரவல் தர யோசிக்கிறார். கலப்பு என்று தெரிந்த சின்னச் சேவலைப் பதிலுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், கலப்பு என்று சொல்லித்தான். அடைக்கோழி ஒன்று இப்போதே கூடையில் உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறது, அவர் சீக்கிரம் சரி சொன்னால் தேவலை.