லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மருத்துவரின் மரணம்

லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால், சிறிது தூரத்திலேயே நகரத்தின் பழைய மையமான எல் பூவெப்லோ வந்துவிடும். சுற்றுலாக் கூட்டமெல்லாம் ஓல்வேரா தெருவின் மெக்சிகோ கடைகளுக்குப் போகும். நான் தேடிப் போனது கார்னியர் கட்டடத்தை. சீன அமெரிக்க அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. 1871-ல் நடந்த படுகொலையை நினைவுகூரும் சிறிய தகடு ஒன்றை வெளியே நடைபாதையில் பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

அந்த வருடம் அக்டோபர் 24 அன்று இரண்டு சீனக் குழுக்களுக்குள் துப்பாக்கிச் சண்டை. குறுக்கே புகுந்த ராபர்ட் தாம்சன் என்ற வெள்ளையர் குண்டு பட்டு இறந்துபோனார். அவ்வளவுதான், சுமார் 500 பேர் சீனர் குடியிருப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊரின் மக்கள்தொகையே அப்போது 6,000-க்குள்தான். அன்றிரவு 18 சீனர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் தூக்கிலிடப்பட்டு. அவர்களில் அந்தச் சண்டையில் தொடர்புள்ளவர் ஒரே ஒருவர் என்கிறார்கள். மருத்துவர் சீ லாங் டோங் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் கெஞ்சினார், பணம் தருகிறேன் என்றார். விடவில்லை. மோதிரத்துக்காக அவர் விரலையும் வெட்டினார்கள்.

மறுநாளே, வழக்குக்கு முன் இறப்பின் காரணத்தை ஆராயும் மரண விசாரணை தொடங்கிவிட்டது. நான்கு நாட்களில் 79 சாட்சிகள்! 1885-ல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டபோது ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அதோடு ஒப்பிட்டால் இங்கே விசாரணை என்று ஒன்று உருப்படியாக நடந்திருக்கிறது.

அப்புறம் டோங்கைக் கொன்றதாக வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்லக்கூடாது என்று கலிபோர்னியாவில் 1863 முதல் சட்டமே இருந்தது. உற்றாரைப் பறிகொடுத்தவர்கள், கண்ணால் கண்டதை அங்கே சொல்ல வழியில்லை. அப்படியும் 8 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கொலைக் குற்றம் அல்ல, அதைவிடக் குறைந்த குற்றம். சான் குவென்டின் சிறைக்கு அனுப்பினார்கள்.

1873-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காரணத்தைப் படித்தபோது எனக்கு ஆறவே இல்லை. டோங் கொலை செய்யப்பட்டார் என்று குற்றப்பத்திரிகையில் எழுதப்படவில்லையாம்! யார் இறந்தார், எப்படி இறந்தார் என்று கண்டுசொல்லத்தானே மரண விசாரணை? அது சொன்ன முதல் உண்மையே வழக்குத் தாளில் ஏறாமல் போயிருக்கிறது. மறுபடி யாரும் வழக்குப் போடவில்லை. தண்டனை பெற்றவர்கள் விடுதலையாகிப் போனார்கள்.